தும்மலுக்கு அடிக்கிற மேளம்

கல்யாண மண்டபத்தில் யாராவது தும்மினால் மற்றவர்களுக்கு முகம் சுளிக்கும். சிங்காரவேல் மட்டும் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொள்வார். மற்றவர்களுக்குத் தும்மல் ஒரு சகுனத் தடை. அவருக்கு அது உத்தியோகம்.

மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த தட்டோடு இப்போதெல்லாம் இன்னொரு தட்டும் நீட்டுகிறார்கள் அல்லவா, தோல் நிறத்தில், ஒட்டுப்பொட்டு அளவில் வில்லைகள் அடுக்கி? அதுதான் அவர் பிழைப்பு. கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் பொட்டு என்றே சொன்னார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டியதும் பொட்டு மண்டைக்குள் ஒரு கிள்ளு கிள்ளும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அடுத்த கணம் நாக்கில் படாத ஒரு தித்திப்பு உடம்பெல்லாம் இறங்கும். அவ்வளவுதான். அந்தச் சில நிமிஷங்கள் சாகிற வரைக்கும் மறக்காது. பெண்ணின் கழுத்தில் வியர்வை எந்த இடத்தில் மினுங்கியது என்பதுகூட.

மேளச் சத்தத்தை இயந்திரமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். அதில்தான் சிக்கல். நம் ஊரில் கெட்டிமேளம் தாலிக்கு மட்டுமா? யாராவது தும்மினால், வாய் தவறி அபசகுனமாக எதையாவது உளறினால், பெரியவர்கள் விரலை ஆட்டி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்பார்கள். கொட்டுகிற கொட்டில் கெட்டது அமுங்கிப்போகும். இயந்திரத்தைச் செய்தவன் எந்தத் தேசத்தானோ, அவனுக்கு இது தெரியாது. ஆகவே சிங்காரவேல். மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, மடியில் ஒரு பெட்டி. மேளம் கொட்டியதும் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரியும். மூன்று மூச்சு விடும் நேரம் எரியும். அதற்குள் அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பொட்டு சும்மா இருந்துவிடும். அழுத்தாவிட்டால் பச்சை; கிள்ளு விழும்.

“தும்மலுக்கு அடிக்கிற மேளத்தையும் தாலிக்கு அடிக்கிற மேளத்தையும் பிரிச்சுக் கொடுக்கிறேன் சார். அன்னப்பறவை வேலை. என்ன, அன்னப்பறவைக்குத் தொந்தி கிடையாது” என்பார் யாராவது கேட்டால்.

ஒரே ஒரு தடவை தவறியிருக்கிறார். சீர்காழிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் தனக்கு அப்பளம் வைக்கவில்லை என்று பெண்ணின் சித்தப்பா மேடையேறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ தும்மினார்கள். மேளம் கொட்டியது. சிங்காரவேல் சண்டையை ரசித்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்துவிட்டது. மண்டபம் முழுக்க அந்தச் சண்டை கல்வெட்டாகப் பதிந்தது. ஒரு தரம் கிள்ளிய பொட்டு உடனே மறுபடி கிள்ளாது என்பதால், தாலி கட்டியது ஒருவருக்கும் நினைவில்லை. “நல்ல ஜோடிதான், குறையொண்ணும் இல்லை. ஆனா இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டுல அப்பளம் பொரிக்கிறதில்லை.”

இந்தக் கதையை அவர் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லுவார். தன் மகள் நித்திலாவின் கல்யாணத்தன்று காலையிலும், தவில்காரர் கலியமூர்த்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கலியமூர்த்தி விரல்களுக்குக் கூடு மாட்டியபடி சிரித்தார். “அது சரிண்ணே. நானும் இத்தனை வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து கொட்டுறேன். ஒரு கிள்ளுல எப்படி அப்படி நிக்குது? அதைச் சொல்லுங்க.”

“உன்னைத் தெருவுல நாய் துரத்தியிருக்கா?”

“ஏன் துரத்தலை? திருவிடைமருதூர்ல.”

“அதுக்கு முந்தி என்ன பண்ணிக்கிட்டிருந்தே?”

“பொட்டிக்கடையில வாழைப்பழம் உரிச்சுக்கிட்டிருந்தேன். பூவன்பழம். கடைக்காரன் பல்லு குத்திக்கிட்டிருந்தான்.”

“பார்த்தியா! கடிக்க வந்தது நாய். உனக்குக் கடைக்காரன் பல்லு வரைக்கும் ஞாபகம் இருக்கு. நெஞ்சு படபடத்தா மூளை, ‘ஏதோ பெரிய விஷயம்டா’ன்னு அதுக்குச் சித்த முந்தி நடந்ததையும் சேர்த்து வாரிப் பெட்டியில பூட்டிக்கும். கூடவே ஒரு பரிசும் கிடைச்சா பூட்டுக்கு மேல பூட்டு. படபடப்பையும் பரிசையும் சேர்த்து ஒரு வில்லையில வச்சான் கம்பெனிக்காரன். உங்க பாட்டன் முப்பாட்டன் தவில்ல செஞ்சதுதான். உங்களுக்கு வேட்டி கொடுத்தாங்க, அவனுக்கு விமானம் கொடுத்தாங்க.”

“அப்ப நல்லதுதானே?”

“நல்லதுதான்.” சிங்காரவேல் காதுக்குப் பின்னால் விரலால் தடவிக்கொண்டார். “ஆனா கூலி வாங்கிப் பழகின மூளை, கூலி இல்லாத எதையும் சுமக்க மாட்டேங்குது கலியா.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பெட்டியை வைத்திருப்பவர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் தானும் பொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது கம்பெனி விதி. கிள்ளு சரியாக விழுகிறதா என்று அவருக்கல்லவா தெரிய வேண்டும்? எட்டு வருஷ முகூர்த்தங்கள். ஊரான் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவர் தலைக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எந்த மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சை இரண்டு தடவை போட்டான், எந்தச் சம்பந்தி அழும்போது விக்கல் எடுத்தது, எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவருடைய சொந்தக் கல்யாணமோ பழைய சுவரில் வெளுத்த விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. தேங்காய் வாங்கக் கடைக்குப் போனால் தேங்காய் மறந்துபோகும்; சில நாள் கடையே மறந்துபோகும். பொட்டு ஒட்டாத நாளை, அவருடைய மூளை நாள் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மனைவி கனகம் இறந்த நாளும் ஒரு முகூர்த்த நாள். காலையில் மன்னார்குடியில் கல்யாணம். அந்த மாப்பிள்ளையின் மோதிரம் பெரிதாக இருந்து அட்சதைத் தட்டில் கழன்று விழுந்தது அவருக்கு இப்போதும் கணீரென்று காதில் கேட்கும். கனகம் எப்போது போனாள், எப்படிப் போனாள் என்பது மட்டும் இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் மகளிடம் கேட்டார்.

“நான் பக்கத்துல இருந்தேனாம்மா?”

“இருந்தீங்கப்பா. சாயங்காலம், உங்க மடியிலதான் அம்மா தலை இருந்தது” என்றாள் நித்திலா.

அதை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். வெறும் மடி, வெறும் தலை. காலி வீடு மாதிரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் வாங்கிப் போட்டார். கனகம் தண்ணீர் கேட்டாள். அவர் கரண்டியால் கொடுத்தார். அவள் சிரித்தாள். “பொண்ணு கல்யாணத்துல அழுது என் மானத்தை வாங்காதீங்க” என்றாள். சொல்லச் சொல்ல அது நினைவு மாதிரியே இருந்தது. சிரிப்பு வரும் இடத்தில் அவருக்குச் சிரிப்பும், கண்ணீர் வரும் இடத்தில் கண்ணீரும் ஒழுங்காக வந்தன.

“ஊரான் வீட்டுத் தாலியெல்லாம் என் தலைக்குள்ள தொங்குது. என் வீட்டுத் தாலி ஒண்ணாவது வேணும் கலியா. இன்னிக்கு அதுதான். அப்புறம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடுவேன்” என்றார் சிங்காரவேல்.

“தாராளமா நிக்கும்ணே. நான் கொட்டுற கொட்டுல பொட்டே வேணாம்.”

*

மணமகள் அறையில் நித்திலா தலை நிறையப் பூவோடு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டு மண்டபத்துக்கே பொட்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். கல்யாணப்பெண் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

“கடைசியாக் கேக்கிறேன். ஒண்ணு ஒட்டிக்கயேன்.”

“வேணாம்பா. நிக்கிறது நிக்கட்டும், போறது போகட்டும்.” அவள் அவரைக் கண்ணாடியில் பார்த்தாள். “நீங்களும் இன்னிக்கு ஒட்டாதீங்களேன்.”

“ஒட்டலைன்னா நாளைக்கே உங்கிட்ட வந்து, ‘ஏம்மா, உனக்கு எப்பக் கல்யாணம்?’னு கேப்பேன். பரவாயில்லையா?”

அவள் பாதி சிரித்தாள். அந்த நேரத்தில்தான் பக்கிரிசாமி உள்ளே வந்தான். கனகத்தின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் சட்டம் போட்ட கனகத்தின் படம்.

“அத்தான், அக்கா போட்டோவை மேடையில எங்க வைக்கிறது?”

சிங்காரவேல் தொண்டையைச் செருமினார். “மேடையில வேணாம் மாப்ள. சம்பந்தியம்மா ஒரு மாதிரி பாக்குறாங்க. இங்கயே வச்சிரு.”

“இங்கயேன்னா?”

“சீர்வரிசைத் தட்டுக்குப் பின்னால.”

“பின்னாலயா?” பக்கிரிசாமி மாலையைத் தோளுக்கு மாற்றினான். படத்தைத் துண்டால் ஒரு தரம் துடைத்தான். ஆப்பிள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். கனகத்தின் நெற்றிக்கு மேல் மட்டும் தெரிந்தது.

“கோவிச்சுக்காதடா. அவளே பாத்தாச் சிரிப்பா” என்றார் சிங்காரவேல்.

“ஆமா, நீங்கதான் அவ சிரிச்சதையெல்லாம் பாத்தீங்க” என்றான் பக்கிரிசாமி. நித்திலா “மாமா” என்று ஒரு சொல் சொன்னாள். அவன் வெளியே போய்விட்டான்.

*

மனைவி இல்லாதவர் தாரை வார்க்கக் கூடாது என்பதால் சிங்காரவேலின் தம்பியும் தம்பி மனைவியும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். அது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனமில்லை. வழக்கம்போல மேளத்துக்குப் பக்கத்தில், மடியில் பெட்டியோடு, பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். சொந்த மகள் கல்யாணத்தில் கூலிக்கு வந்தவர் மாதிரி இருப்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

தேங்காய் மேல் தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிக்கொண்டிருந்தது. புகை. ஐயர் மந்திரத்தை நிறுத்தி, ஒலிவாங்கியை ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார். திருப்பிய ஒலிவாங்கி மேளக்காரர்கள் பக்கம் பார்த்து நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு மனசு இளகியிருந்தது. சிங்காரவேலின் பக்கம் குனிந்து, “இதையெல்லாம் பார்க்க அவங்களுக்குக் கொடுத்து வைக்கலையே அண்ணே” என்றார்.

இப்படி ஒருவர் சொன்னால் சிங்காரவேலால் சும்மா இருக்க முடியாது.

“அவ எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனா சம்பந்தியம்மா. என் மடியில படுத்துக்கிட்டு, ஒரு கரண்டி தண்ணி குடிச்சிட்டு, ‘பொண்ணு கல்யாணத்துல அழுது என் மானத்தை வாங்காதீங்க’ன்னு…”

“போதும் அத்தான்.”

பெண்ணுக்குப் பின்னால் மாலையோடு நின்ற பக்கிரிசாமி இரண்டு அடி முன்னால் வந்திருந்தான்.

“என்ன மாப்ள?”

“இன்னிக்காவது இந்தக் கதையை விடுங்க.”

“கதையா? என் பொண்டாட்டி சொன்னது உனக்குக் கதையா?”

“யாரு சொன்னது, யாரு கேட்டது?” அவன் குரல் உடைந்துவிட்டது. “குழந்தை உங்க மனசு ஆற ஏதோ சொல்லிட்டாளேன்னு நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டிருந்தேன். நீங்க எங்க இருந்தீங்க? நீங்க மன்னார்குடியிலேர்ந்து வந்தப்ப அக்காவுக்கு மாலை போட்டாச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன். உங்களைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடிச்சுத் தடுத்தா. ‘கூப்பிடாதடா. தாலி கட்டுற நேரம். அவர் கவனம் சிதறிடும்’னா. அதான் அத்தான் அவ கடைசியாப் பேசினது. தண்ணி கேக்கலை. சிரிக்கலை.”

ஒவ்வொரு சொல்லும் மண்டபத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். கல்யாண மேடையில் சாவுப் பேச்சு. விரலை உயர்த்தி ஆட்டினார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

சபையே எழுந்து விரலை ஆட்டியது. கலியமூர்த்தியின் கைகளுக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. கொட்டின.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

சிங்காரவேலின் கட்டைவிரல் அதுவாகவே சிவப்புப் பொத்தானுக்குப் போய் உட்கார்ந்தது. எட்டு வருஷப் பழக்கம். ஒரு அழுத்து. அவ்வளவுதான். இது தும்மலுக்கு அடித்த மேளம். பொட்டு சும்மா இருக்கும். தட்டு சுற்றி வரும். உண்மையான மேளம் கொட்டும். மகளின் தாலி அவருக்கு என்றைக்கும் நிற்கும். ஒரு தடவை கிள்ளிவிட்டால் அடுத்த அரைமணிக்குப் பொட்டு எதையும் பிடிக்காது என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

முதல் மூச்சு.

அவர் நித்திலாவைப் பார்த்தார். அவளும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘அழுத்துங்கப்பா.’

இரண்டாவது மூச்சு.

அழுத்தினால் பக்கிரிசாமி சொன்னது விடிகிற வரைக்கும் தங்கும். அவருடைய தலை அப்படி. பிறகு கரையும். பிறகு ஒருநாள் மகளிடம் கேட்பார். அவள் மறுபடியும் மடியைக் கொடுப்பாள். அவர் மறுபடியும் கரண்டி வாங்கிப் போடுவார். வீடு நன்றாகத்தான் இருக்கும். அதில் கனகம் மட்டும் இருக்க மாட்டாள்.

‘அவர் கவனம் சிதறிடும்.’ இது அவள் பேச்சு. அச்சு அசல் அவள். சாகக் கிடக்கும்போதும் அவருடைய அன்னப்பறவை வேலையை அவள் ஒருத்திதான் பெரிய உத்தியோகமாக நினைத்திருக்கிறாள்.

மூன்றாவது மூச்சில் சிங்காரவேல் கட்டைவிரலைத் தூக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பச்சை.

கிள்ளு விழுந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உடனே அந்தத் தித்திப்பு. பொட்டுக்கு நல்ல செய்தி, கெட்ட செய்தி தெரியாது. தான் பக்கத்தில் இல்லாமல் கனகம் செத்துப்போன செய்தி அவருக்குள் பாயசம் மாதிரி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தார். மண்டபம் முழுக்க ஜனங்கள், கண் கலங்கியவர்கள்கூட, தங்களை அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கிரிசாமியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். விரலிடுக்கில் கண்ணீர் ஒழுகியது. சிரிக்காமல் இருந்தது ஒரே ஒருத்தி.

பிறகு தட்டு வந்தது. தாலி கட்டப்பட்டது. மேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். “பொத்தான் சிக்கிக்கிச்சு” என்றார் சிங்காரவேல். கலியமூர்த்தி விரல் கூடுகளைக் கழற்றிக்கொண்டே, “எட்டு வருஷமாச் சிக்காத பொத்தான்” என்று தவிலிடம் சொன்னார். சிங்காரவேல் அன்றைக்கே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அப்பளக் கதையை இனி யாரும் கேட்கப்போவதில்லை; இந்தக் கதை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

*

மறுவீட்டுக்கு வந்த நித்திலா முதல் வேலையாக அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள். மாப்பிள்ளை வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் கனகத்தின் படம், சட்டத்தில் இன்னும் ஆப்பிளோடு வந்த சரிகைத்தாள் ஒட்டியிருக்க, பழைய ஆணியிலேயே தொங்கியது.

டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். “அப்பா, அன்னிக்கு மாமா…”

“மாமா என்ன? வந்தானா, சாப்பிட்டானா?”

அவள் அவர் முகத்தைத் துழாவினாள். சிங்காரவேல் முகத்தைக் காலி வீடு மாதிரி வைத்துக்கொண்டார். அதற்கு அவருக்குப் பயிற்சி உண்டு. நாலு வருஷமாகத் தேங்காய்க் கடையில் நின்று பழகிய முகம்.

“உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையா?”

“எங்கம்மா! என் பொட்டு வேர்வையில கழண்டு எங்கயோ விழுந்துடுச்சு. மேளம் கொட்டிச்சு, ஒரு கிள்ளும் இல்லை. ஏன், என்ன சொன்னான்?”

நித்திலா பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். “ஒண்ணுமில்லப்பா. அம்மா போட்டோவை மேடையில வைக்கலைன்னு கோவம்.”

“அவன் அக்கா, கோவம் வராதா? ஏம்மா, அம்மா கடைசியா என் மடியிலதானே…”

“உங்க மடியிலதான்பா.”

“அதானே” என்றார். அந்த நேரத்தில், சொல்லி வைத்தாற்போல, ‘கூப்பிடாதடா’ என்று கனகம் அவருக்குள் சொன்னாள். கூடவே அந்தத் தித்திப்பும் வந்தது. ஒவ்வொரு தடவையும் வருகிறது. காப்பியில் சர்க்கரை தூக்கல் என்பது போல முகத்தைச் சுளித்து, அதை மறைத்தார்.

காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தாலி கட்டுனப்ப நான் அழுதேனாம்மா?”

அவள் காலி டம்ளரைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“அழுதீங்கப்பா. துண்டை வாயில வச்சுக்கிட்டு. எனக்குக்கூடச் சிரிப்பு வந்துடுச்சு.”

சிங்காரவேல் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குத் தோளில் துண்டு போட்டிருந்தோமா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. அதனாலென்ன? யாரிடமாவது சொல்லும்போது அதற்கு ஒரு கரை வைக்க வேண்டும். மயில்கண் கரை போட்டதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். கனகத்துக்கு அந்தக் கரைதான் பிடிக்கும். அல்லது, பிடிக்கும் என்று நித்திலா சொல்லியிருக்கிறாள்.